‘பெர்மிஷன் டினைட்’ என்று கணினி சொன்னால்

ஹோஸ்ட்ஸ் என்ற கோப்பில் ஒரே ஒரு வரி சேர்க்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. நீங்களே ஒரு வலைத்தளம் செய்கிறீர்கள். இணையத்தில் ஏற்றுவதற்கு முன் உங்கள் கணினியிலேயே ஓட்டிப் பார்க்க ஆசை. தளத்தின் பெயரைத் தட்டினால் அது வெளியே போகாமல் இதே கணினிக்கு வந்துசேர வேண்டும். அதற்கு அந்தக் கோப்பில் 127.0.0.1 என்று (இதே கணினியைக் குறிக்கும் முகவரி அது) எழுதி, ஓர் இடைவெளி விட்டு, தளத்தின் பெயரை எழுதினால் போதும். எழுதியாயிற்று. சேமிக்கப் போனால் லினக்ஸ் ‘பெர்மிஷன் டினைட்’, அதாவது அனுமதி மறுக்கப்பட்டது, என்கிறது. விண்டோஸாக இருந்தால், இங்கே சேமிக்க உங்களுக்கு அனுமதி இல்லை, நிர்வாகியைத் தொடர்புகொள்ளுங்கள் என்று ஒரு பெட்டி வருகிறது. கணினியைக் காசு கொடுத்து வாங்கியவர் நீங்கள். வீட்டில் வேறு யாரும் அதைத் தொடுவதுகூட இல்லை. அப்புறம் யார் அந்த நிர்வாகி?

புதிதாக லினக்ஸ் பழகுகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது, எல்லாரும் தடுக்கி விழும் இடம் இதுதான் என்று பார்த்திருக்கிறேன். சிலர் எதையோ கெடுத்துவிட்டோம் என்று பயந்து மூடிவிடுவார்கள். சிலர் எங்கேயோ கண்ட ஒரு கட்டளையை, என்ன செய்யும் என்று தெரியாமலே ஒட்டி எண்டர் தட்டுவார்கள். முதல் கூட்டத்தால் ஆபத்து எதுவும் இல்லை. இரண்டாவது கூட்டத்துக்காகத்தான் இந்தக் கட்டுரை.

அந்தச் செய்தி சொல்வது இவ்வளவுதான்: இப்போது நீங்கள் எந்தப் பெயரில் வந்திருக்கிறீர்களோ, அந்தப் பெயருக்கு இந்தக் கோப்பில் எழுதும் உரிமை இல்லை. கணினிக்கு மனிதர்களைத் தெரியாது, பெயர்களைத்தான் தெரியும். இன்னும் சரியாகச் சொன்னால், எண்களைத்தான் தெரியும். லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டுவை நிறுவும்போது நீங்கள் உருவாக்கும் முதல் பயனருக்கு 1000 என்ற எண் கிடைக்கும். எல்லாம் செய்ய வல்ல ‘ரூட்’ என்ற பயனரின் எண் 0. நீங்கள் திறக்கும் உலாவி, பாட்டுப் பெட்டி, எழுதும் செயலி எல்லாம் 1000 என்ற அந்த அடையாளத்தை அணிந்துகொண்டுதான் ஓடுகின்றன. நேற்று எங்கிருந்தோ இறக்கிய விளையாட்டும் அப்படித்தான். அதாவது நீங்கள் எதை எல்லாம் மாற்ற முடியுமோ, அதை எல்லாம் அந்த விளையாட்டாலும் மாற்ற முடியும். உங்கள் பெயருக்கே கணினி ஏன் எல்லா உரிமையையும் தரவில்லை என்பது இப்போது விளங்கியிருக்கும். தடுக்கப்படுவது நீங்கள் மட்டும் இல்லை. உங்கள் பெயரைப் போட்டுக்கொண்டு திரியும் ஒவ்வொரு நிரலும்தான்.

ஹோஸ்ட்ஸ் கோப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட் காலத்தில் அந்த வலையில் உள்ள கணினிகளின் பெயர்கள் எல்லாம் இப்படிப்பட்ட ஒரே கோப்பில்தான் இருந்தன. கலிஃபோர்னியாவின் மென்லோ பார்க்கில் இருந்த ஓர் ஆராய்ச்சி நிறுவனம் அதைப் பராமரித்தது. மற்ற ஊர்க்காரர்கள் பிரதி எடுத்துக்கொண்டார்கள். கணினிகள் பெருகியபின் அது தாங்கவில்லை. 1983-இல் பால் மொகபெட்ரிஸ், பெயரைக் கொடுத்தால் முகவரியைத் தேடித் தரும் டிஎன்எஸ் என்ற முறையை வடிவமைத்தார். ஆனாலும் பழைய கோப்பு போகவில்லை. வழக்கமான அமைப்பில் இன்றைக்கும் உங்கள் கணினி ஒரு தளத்தின் முகவரியை வெளியே கேட்பதற்கு முன் இந்தக் கோப்பைத்தான் முதலில் பார்க்கிறது. ஒரு கெட்ட நிரல் இதில் உங்கள் வங்கியின் பெயரை எழுதி, பக்கத்தில் திருடனுடைய முகவரியை எழுதிவிட்டால் என்ன ஆகும்? நீங்கள் சரியான பெயரைத்தான் தட்டுவீர்கள், போய்ச் சேரும் இடம் வேறு. சான்றிதழ் சரியில்லை என்று உலாவி எச்சரிக்கும்தான். எத்தனை பேர் அதைப் படித்துவிட்டுத் திரும்பி வருகிறார்கள்? அதனால்தான் இந்தச் சின்னக் கோப்புக்கு இத்தனை காவல்.

சரி, ஒரு கோப்பில் யாருக்கு என்ன உரிமை என்று எப்படிப் பார்ப்பது? டெர்மினலில், அதாவது கட்டளைகளைத் தட்டும் சாளரத்தில், ‘எல்எஸ் -எல்’ என்று எழுதி, கோப்பின் பாதையைக் கொடுக்க வேண்டும். (கட்டளைகளை இங்கே ஒலிப்பின்படி தமிழில் எழுதுகிறேன், கணினியில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள்.) லினக்ஸில் ஹோஸ்ட்ஸ் கோப்பு இருக்கும் ஃபோல்டரின் பெயர் ஈடிசி. ஆகவே கட்டளை ‘எல்எஸ் -எல் /ஈடிசி/ஹோஸ்ட்ஸ்’ என்று ஆகும். ஒரு வரி பதில் வரும். அதன் தொடக்கத்தில் பத்து எழுத்துகள், பிறகு ஓர் எண், பிறகு ரூட், மறுபடியும் ரூட். அந்த இரண்டு ரூட்களில் முதலாவது கோப்பின் உரிமையாளர், இரண்டாவது அது சேர்ந்த குழு.

பத்து எழுத்துகளில் முதலாவது இது கோப்பா, ஃபோல்டரா என்று சொல்லும். மீதி ஒன்பதையும் மும்மூன்றாகப் பிரியுங்கள். முதல் மூன்று உரிமையாளருக்கு, அடுத்த மூன்று குழுவுக்கு, கடைசி மூன்று ஊரில் உள்ள மற்ற எல்லாருக்கும். ஆர் என்றால் படிக்கலாம், டபிள்யூ என்றால் எழுதலாம், எக்ஸ் என்றால் நிரலாக இயக்கலாம், கோடு இருந்தால் அந்த உரிமை கிடையாது. ஹோஸ்ட்ஸ் கோப்பில் உரிமையாளருக்கு ஆரும் டபிள்யூவும் இருக்கும். மற்ற இரண்டு கூட்டத்துக்கும் ஆர் மட்டும்தான். நீங்கள் ரூட்டும் இல்லை, ரூட் குழுவிலும் இல்லை, ஆகவே ‘மற்றவர்’ வரிசையில் நிற்கிறீர்கள். படிக்கலாம், எழுத முடியாது. உங்களுக்கு வந்த செய்தியின் காரணம் முழுவதும் இந்த ஒரு வரியில் இருக்கிறது.

இதையே எண்ணாகவும் எழுதுவார்கள். ஆருக்கு 4, டபிள்யூவுக்கு 2, எக்ஸுக்கு 1. கூட்டிப் பார்த்தால் ஹோஸ்ட்ஸ் கோப்புக்கு 644 வரும். யார் வேண்டுமானாலும் இயக்கலாம், உரிமையாளர் மட்டும் மாற்றலாம் என்ற நிரலுக்கு 755. உரிமையாளரைத் தவிர யாரும் எட்டிக்கூடப் பார்க்கக் கூடாது என்றால் 600.

ஃபோல்டருக்கு இதே எழுத்துகள் வேறு பொருள் தரும். இங்கேதான் அனுபவசாலிகளும் சறுக்குகிறார்கள். ஃபோல்டரில் எக்ஸ் என்றால் உள்ளே நுழையும் உரிமை. டபிள்யூ என்றால் உள்ளே கோப்புகளை உண்டாக்கவும், பெயர் மாற்றவும், அழிக்கவும் உரிமை. ஆகவே, நீங்கள் ஓர் எழுத்துகூட மாற்ற முடியாத கோப்பு உங்கள் சொந்த ஃபோல்டருக்குள் இருந்தால், அதை நீங்கள் தாராளமாக அழித்துவிடலாம். கோப்பு ரூட்டுக்குச் சொந்தமாக இருந்தாலும் சரிதான், ஏனென்றால் அழிப்பது என்பது ஃபோல்டரின் பட்டியலிலிருந்து ஒரு பெயரை அடிப்பது, பட்டியல் உங்களுடையது. மறுபக்கமாக, கோப்புக்கு எல்லா உரிமையும் இருந்தும், அதற்குப் போகும் வழியில் ஏதோ ஒரு ஃபோல்டரில் எக்ஸ் இல்லையென்றால் கோப்பைத் தொட முடியாது. கோப்பில் எல்லாம் சரியாக இருந்தும் ‘பெர்மிஷன் டினைட்’ வருகிறதா? மேலே ஒவ்வொரு ஃபோல்டராகப் பார்த்துக்கொண்டே போங்கள்.

இப்போது அந்த ஒரு வரியைச் சேர்ப்போம். இரண்டு வழி உண்டு. கோப்பின் உரிமையை உங்களுக்குச் சாதகமாக மாற்றிவிடுவது ஒன்று. கோப்பை அப்படியே விட்டுவிட்டு, அந்த ஒரு வேலை முடியும்வரை நீங்கள் ரூட்டாக இருப்பது மற்றொன்று. நான் எல்லாரிடமும் மன்றாடுவது இரண்டாவது வழிக்காகத்தான். அதற்கான கருவி சூடோ. 1980 வாக்கில், பஃபலோவில் உள்ள நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பாப் காகஷாலும் கிளிஃப் ஸ்பென்சரும் எழுதியது. எந்தக் கட்டளைக்கு முன்னால் சூடோ என்று சேர்க்கிறீர்களோ, அந்தக் கட்டளை மட்டும் ரூட்டின் பெயரில் ஓடும்.

‘சூடோ நானோ /ஈடிசி/ஹோஸ்ட்ஸ்’ என்று தட்டுங்கள். நானோ என்பது டெர்மினலிலேயே ஓடும் ஒரு எழுதும் செயலி. கடவுச்சொல் கேட்கும். அது உங்கள் கடவுச்சொல்தான், ரூட்டுடையது இல்லை. பல கணினிகளில், தட்டும்போது திரையில் ஒரு புள்ளிகூடத் தெரியாது. விசைப்பலகை கெட்டுவிட்டது என்று இந்த இடத்தில் எழுந்துபோனவர்களை எனக்குத் தெரியும். கணினி கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. முழுவதும் தட்டி எண்டர் அழுத்துங்கள். நானோ திறக்கும். கடைசி வரிக்குப் போய் உங்கள் வரியை எழுதி, கண்ட்ரோலும் ஓவும் சேர்த்து அழுத்தி, எண்டர் தட்டினால் சேமித்துவிடும். கண்ட்ரோலும் எக்ஸும் அழுத்தினால் வெளியே வந்துவிடலாம். உபுண்டுவில் அடுத்த 15 நிமிடத்துக்கு அதே டெர்மினலில் சூடோ மறுபடியும் கடவுச்சொல் கேட்காது. அந்த நேரத்தில் கொஞ்சம் நிதானமாகத் தட்டுங்கள்.

சூடோ போட மறந்து, பத்து வரி எழுதிய பிறகு சேமிக்க முடியவில்லையா? எழுதியதை இழக்க வேண்டியதில்லை. அதே செயலியில் வேறு பெயர் கொடுத்து உங்கள் சொந்த ஃபோல்டரில் சேமியுங்கள். பிறகு ‘சூடோ சிபி’ கொண்டு அதைப் பழைய கோப்பின் மேல் நகலெடுங்கள். சிபி ஏற்கெனவே இருக்கும் கோப்பின் உள்ளடக்கத்தை மட்டும் மாற்றும். உரிமையாளரும் உரிமைகளும் முன்பிருந்தபடியே இருக்கும். ‘எம்வி’ கொண்டு நகர்த்தினால் அப்படி இல்லை. உங்கள் பெயரில் இருந்த கோப்பு உங்கள் பெயரோடே அங்கே போய் உட்கார்ந்துவிடும். இந்தச் சின்ன வேறுபாடு தெரியாததால், கணினியின் கோப்பு ஒன்று சாதாரணப் பயனரின் சொத்தாக மாறிக் கிடந்ததைப் பலமுறை பார்த்திருக்கிறேன். நானோவும், அதைப் போன்ற இன்னொரு செயலியான விம்மும், எழுத முடியாத கோப்பைத் திறந்த உடனேயோ முதல் எழுத்தை மாற்றும்போதோ, கீழே ஒரு வரியில் எச்சரித்துவிடும். அந்த வரியைப் பார்க்கும் பழக்கம் இருந்தால் இந்தச் சுற்று வழியே வேண்டாம்.

சூடோ போட்டும் மறுபடி ‘பெர்மிஷன் டினைட்’ வரும் ஓர் இடம் உண்டு. கோப்பைத் திறக்காமலே ஒரு வரியைச் சேர்க்கலாம் என்று ‘சூடோ எக்கோ’ போட்டு (எக்கோ, கொடுத்த வரியை அப்படியே திருப்பித் தரும் கட்டளை), வரியை எழுதி, அம்புக்குறி இரண்டு போட்டு, ஹோஸ்ட்ஸ் கோப்புக்குத் திருப்பிவிடுவார்கள். பார்த்தால் நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் அம்புக்குறி எக்கோவின் வேலை இல்லை. டெர்மினலில் நீங்கள் தட்டுவதைப் படிக்கும் ஷெல் என்ற நிரல்தான் அந்தக் கோப்பைத் திறக்கிறது, அதுவும் எக்கோ ஓடுவதற்கு முன்னாலேயே. ஷெல் ஓடுவது உங்கள் பெயரில். ரூட் ஆனது எக்கோ மட்டும். அதற்கோ எந்த உரிமையும் தேவையே இல்லை. இதற்குத் தீர்வு, எக்கோ தருவதை ‘சூடோ டீ -ஏ’ என்ற கட்டளைக்குக் குழாய் (| என்ற குறி) வழியாக அனுப்புவது. டீ என்பது தனக்கு வந்ததைக் கோப்பில் எழுதும் சிறு நிரல். இப்போது கோப்பைத் திறப்பது டீ, டீ ஓடுவது ரூட்டாக. அந்த ‘-ஏ’ மிக முக்கியம். அதை விட்டுவிட்டால், வரி கடைசியில் சேர்வதற்குப் பதில் கோப்பு முழுவதும் அழிந்து அந்த ஒரு வரி மட்டும் மிஞ்சும்.

சிலருக்குச் சூடோவே மறுத்துவிடும். நீங்கள் சூடோயர்ஸ் கோப்பில் இல்லை என்று சொல்லும். யார் சூடோ போடலாம் என்று குறித்திருக்கும் கோப்பு அது. டெபியன் என்ற லினக்ஸை நிறுவும்போது ரூட்டுக்குத் தனியாகக் கடவுச்சொல் கொடுத்தவர்களுக்கு இது சகஜம், ஏனென்றால் அப்போது முதல் பயனருக்குச் சூடோ உரிமை தரப்படுவதில்லை. ‘எஸ்யூ -’ என்று தட்டி ரூட்டின் கடவுச்சொல்லைக் கொடுத்து உள்ளே போய், ‘யூசர்மாட் -ஏஜி சூடோ’ என்று எழுதி உங்கள் பயனர்பெயரைச் சேருங்கள். இங்கே ஏ சிறிய எழுத்து, ஜி பெரிய எழுத்து. அந்த ஏ விடுபட்டால் நீங்கள் இருந்த மற்றக் குழுக்களிலிருந்து எல்லாம் நீக்கப்பட்டுவிடுவீர்கள். ஃபெடோரா என்ற இன்னொரு லினக்ஸில் குழுவின் பெயர் வீல். முடித்ததும் ஒருமுறை வெளியேறி மறுபடி உள்நுழைய வேண்டும், அதுவரை புதிய குழு உங்கள் மேல் ஏறாது. ஆர்டுயினோ என்ற சிறு மின்னணுப் பலகையை யூஎஸ்பியில் செருகிவிட்டு அனுமதி இல்லை என்று திகைப்பவர்களுக்கும் பல லினக்ஸ்களில் இதே மருந்துதான். குழு மட்டும் டயலவுட். அந்தக் குழுவில் சேர்ந்துவிட்டால் பலகையைப் பயன்படுத்தச் சூடோவே தேவையில்லை.

இனி முதல் வழிக்கு, அதாவது கோப்பின் உரிமையையே மாற்றிவிடுவதற்கு, வருகிறேன். ‘சிஹெச்மாட் 777’. எந்த அனுமதிச் சிக்கலுக்கும் யாராவது ஒருவர் இதைத்தான் எடுத்து நீட்டுவார். மூன்று ஏழு என்றால் உரிமையாளர், குழு, மற்றவர் என்று பார்க்காமல் எல்லாருக்கும் எல்லா உரிமையும். உடனே வேலை செய்யும், அதுதான் இதில் உள்ள விஷம். செய்தி மறைந்துவிடுகிறது, காவலும் சேர்ந்து போய்விடுகிறது. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை இது.

ஒரு சின்ன அலுவலகத்தின் சர்வரில் நடந்ததை நேரில் பார்த்தேன். அவர்களுடைய தளத்தில் படம் ஏற்ற முடியவில்லை. பார்த்துக்கொண்டிருந்த இளைஞர், தளத்தின் ஃபோல்டருக்கும் அதற்குள் இருக்கும் எல்லாவற்றுக்கும் 777 கொடுக்க நினைத்தார். பாதையைத் தட்டும்போது முதல் சாய்கோட்டுக்குப் பிறகு தெரியாமல் ஓர் இடைவெளி விழுந்துவிட்டது. லினக்ஸில் தனிச் சாய்கோடு என்றால் கணினியின் மொத்தக் கோப்பு மரத்தின் வேர். கோப்பை அழிக்கும் ‘ஆர்எம்’ கட்டளைக்கு இப்படிக் கொடுத்தால் அது தயங்கும். சிஹெச்மாட் வழக்கமாகத் தயங்காது. அரை நிமிடம் ஓடிய பிறகுதான் ஏதோ தப்பு என்று அவர் கையை எடுத்தார்.

தளம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் வெளியிலிருந்து, தொலைவில் உள்ள கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் வழியாக யாரும் உள்ளே வர முடியவில்லை. ரகசியச் சாவிக் கோப்புகள் ஊருக்கே திறந்து கிடந்தால் எஸ்எஸ்ஹெச் அவற்றை ஏற்காது. சூடோவும் செத்துவிட்டது. தனக்கு ‘செட்யூஐடி’ குறி இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு நின்றுவிட்டது.

அந்தக் குறி என்ன என்று தெரிந்துகொள்ள இது நல்ல இடம். யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான டென்னிஸ் ரிச்சியின் கண்டுபிடிப்பு அது. 1979-இல் அதற்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. ஒரு சாதாரணப் பயனர் தன் கடவுச்சொல்லை மாற்ற முடிகிறது. ஆனால் கடவுச்சொற்கள் இருக்கும் ஷேடோ என்ற கோப்பைத் திறந்து பார்க்கக்கூட அவருக்கு உரிமை இல்லை. எப்படி? கடவுச்சொல் மாற்றும் நிரலின் மேல் செட்யூஐடி குறி இருக்கிறது. யார் இயக்கினாலும் அது தன் உரிமையாளரான ரூட்டின் பெயரில் ஓடும். தனக்கு இட்ட ஒரு வேலையை மட்டும் செய்துவிட்டு முடிந்துவிடும். சூடோ வேலை செய்வதும் இதே குறியால்தான். எல்எஸ் -எல் போட்டுப் பார்த்தால் அதன் எக்ஸ் இருக்க வேண்டிய இடத்தில் எஸ் என்று தெரியும். ஒரு நிரலுக்கு 777 என்று எண் கொடுக்கும்போது அந்த எஸ் அழிந்துபோகிறது. ஆக, எல்லாருக்கும் எல்லா உரிமையும் தரப் போய், ரூட் ஆவதற்கு இருந்த ஒரே வாசலையும் அவர் அடைத்துவிட்டார். பழைய உரிமைகள் என்ன இருந்தன என்று கணினி எங்கும் குறித்து வைப்பதில்லை. திரும்பிப் போகும் பொத்தான் கிடையாது. தரவை எல்லாம் வெளியே எடுத்து, சர்வரைப் புதிதாக நிறுவ இரண்டு நாள் ஆயிற்று. அந்த இளைஞர் முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அவர் மேல் எனக்குக் கோபமில்லை. 777 என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் மேல்தான்.

அவருக்குத் தேவைப்பட்டது மிகச் சிறியது. வலைச் சர்வர் எந்தப் பயனர் பெயரில் ஓடுகிறது என்று பார்த்து, படம் ஏற்றும் அந்த ஒரு ஃபோல்டரை மட்டும் ‘சிஹெச்ஓன்’ கட்டளையால் அந்தப் பெயருக்கு மாற்றியிருந்தால் போதும். டெபியன், உபுண்டு குடும்பத்தில் அந்தப் பெயர் பெரும்பாலும் டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா.

ரூட்டாக இருந்தும் முடியாத நேரங்கள் உண்டு. அப்போது செய்தியின் சொற்களைக் கவனியுங்கள், அவை வேறாக இருக்கும். ‘ரீட்-ஒன்லி ஃபைல் சிஸ்டம்’ என்று வந்தால் உரிமையைப் பற்றிய பேச்சே இல்லை. வட்டு முழுவதும் படிக்க மட்டும் என்ற நிலையில் இருக்கிறது. வட்டில் பிழை கண்டால் மேலும் கெடாமல் இருக்க லினக்ஸ் தானே அப்படி மாற்றிவிடுவதுண்டு. அந்த நேரத்தில் உரிமைகளோடு மல்லுக்கட்டாதீர்கள், முதலில் உங்கள் தரவை வேறு வட்டுக்கு நகலெடுங்கள். ‘ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்’ என்று ரூட்டுக்கே வந்தால், யாரோ அந்தக் கோப்பை மாற்றவே முடியாதபடி பூட்டியிருக்கலாம். ‘எல்எஸ்ஆட்டர்’ போட்டுப் பாருங்கள். ஐ என்ற எழுத்து தெரிந்தால் அதுதான் காரணம். ‘சூடோ சிஹெச்ஆட்டர் -ஐ’ அந்தப் பூட்டைத் திறக்கும். திறப்பதற்கு முன், பூட்டியது யார், ஏன் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள்.

மேக் வைத்திருப்பவர்கள் ஹோஸ்ட்ஸ் கோப்பை மேலே சொன்ன அதே சூடோ நானோவால் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் 2015-இல் வந்த எல் கேபிடன் பதிப்பிலிருந்து, சிஸ்டம் என்ற ஃபோல்டர் உட்படச் சில இடங்களில் ரூட்டும் கை வைக்க முடியாது. அந்தக் காவலை அணைக்க வழி இருக்கிறது. ஒரு தொடக்கநிலைப் பயனருக்கு அதை அணைக்க வேண்டிய தேவை எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

விண்டோஸில் கதை சற்று வேறு. அங்கே நீங்கள் ஏற்கெனவே நிர்வாகி வகைக் கணக்கில்தான் இருப்பீர்கள். அதனால்தான் நிர்வாகியைத் தொடர்புகொள்ளுங்கள் என்ற செய்தி எரிச்சலூட்டுகிறது. 2007-இல் வீடுகளுக்கு வந்த விஸ்டாவிலிருந்து, நிர்வாகி உள்நுழைந்தாலும் அவருடைய நிரல்களுக்குச் சாதாரண உரிமைதான் தரப்படுகிறது. முழு உரிமை வேண்டும் நிரலை மட்டும் தனியாகக் கேட்டுத் திறக்க வேண்டும். நீங்கள் சாதாரணமாகத் திறந்த நோட்பேடுக்கு அந்த உரிமை இல்லை, அவ்வளவுதான். ஸ்டார்ட் மெனுவில் நோட்பேடைத் தேடி, வலது கிளிக் செய்து, ‘ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ கொடுங்கள். திரை மங்கி, ஆமாவா இல்லையா என்று கேட்கும். ஆம் சொன்ன பிறகு, நோட்பேடுக்குள்ளிருந்து கோப்பைத் திறக்க வேண்டும். சி டிரைவில் விண்டோஸ், அதில் சிஸ்டம்32, அதில் டிரைவர்ஸ், அதில் ஈடிசி. யூனிக்ஸிலிருந்து வந்த பெயர் இங்கேயும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, பாருங்கள்.

உள்ளே போனால் ஃபோல்டர் காலியாகத் தெரியும். பதற வேண்டாம். நோட்பேட் டிஎக்ஸ்டி என்று முடியும் கோப்புகளை மட்டும் காட்டுகிறது. ஹோஸ்ட்ஸுக்கு அப்படி வால் எதுவும் இல்லை. கீழே ‘ஆல் ஃபைல்ஸ்’ என்று மாற்றினால் வந்துவிடும். சேமிக்கும்போதும் இந்த வால் ஒட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஹோஸ்ட்ஸ் டாட் டிஎக்ஸ்டி என்று ஒன்று உண்டாகிவிட்டால் கணினி அதைச் சீண்டாது, நீங்கள் ஏன் வேலை செய்யவில்லை என்று மண்டையை உடைத்துக்கொண்டிருப்பீர்கள். நிர்வாகியாகத் திறந்தும் சேமிக்கவில்லையென்றால், கோப்பின் பண்புகளில் ‘ரீட்-ஒன்லி’ என்ற பெட்டியில் டிக் இருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் இல்லையென்றால் வைரஸ் தடுப்பு நிரல் இந்தக் கோப்பைக் காவல் காக்கிறதா என்று பாருங்கள். சில அதைச் செய்கின்றன, நல்ல காரணத்துக்காகத்தான்.

விண்டோஸின் ஆழமான கோப்புகளுக்கு உரிமையாளர் நீங்களும் இல்லை, நிர்வாகியும் இல்லை. டிரஸ்டட் இன்ஸ்டாலர் என்ற பெயர் இருக்கும். விண்டோஸ் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் சேவையின் அடையாளம் அது. ‘டேக்ஓன்’ கட்டளையால் உரிமையைப் பறித்துக்கொள்ளலாம் என்று சொல்லிக்கொடுப்பார்கள். முடியும்தான். ஆனால் அந்தக் கோப்பை நீங்கள் கையால் மாற்றியே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், பெரும்பாலும் தவறான கோப்பைத் தேடிப் போயிருக்கிறீர்கள் என்றுதான் பொருள். ஏற்கெனவே ஏதாவது கெட்டுப்போயிருந்தால், நிர்வாகியாகத் திறந்த கட்டளைச் சாளரத்தில் ‘எஸ்எஃப்சி /ஸ்கேன்நவ்’ கொடுங்கள். அது மூலக் கோப்புகளோடு ஒப்பிட்டுக் கெட்டதைச் சரிசெய்ய முயலும்.

இன்னொரு குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். அனுமதி கிடைத்தது, சேமித்தது, ஆனால் கணினியை அணைத்துப் போட்டதும் பழையபடியே ஆகிவிட்டது. இது அனுமதிச் சிக்கல் போலத் தெரியும், ஆனால் இல்லை. சில கோப்புகளை வேறொரு நிரல் தானே எழுதுகிறது. லினக்ஸில் டிஎன்எஸ் முகவரி இருக்கும் ரிசால்வ் டாட் கான்ஃப் அப்படிப்பட்டது. விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் டபிள்யூஎஸ்எல்லில் ஹோஸ்ட்ஸ் கோப்பும் அப்படித்தான். இவற்றைத் திறந்தால், இது தானாக உண்டானது என்ற குறிப்பு பெரும்பாலும் முதல் சில வரிகளிலேயே இருக்கும். அங்கே எழுதும் நிரலின் அமைப்பைத்தான் மாற்ற வேண்டும்.

எந்தக் கணினியாக இருந்தாலும், கை வைப்பதற்கு முன் ஒரு நகல் எடுத்துவிடுங்கள். லினக்ஸில் ‘சூடோ சிபி -பி’ போட்டு, அதே ஃபோல்டரில் பெயரின் கடைசியில் பழையது என்று தெரியும்படி ஏதாவது சேருங்கள். அந்தப் ‘-பி’ உரிமையாளரையும் உரிமைகளையும் சேர்த்து நகலெடுக்கும். சூடோயர்ஸ் கோப்பை மட்டும் எக்காரணம் கொண்டும் நேரடியாகத் திறக்காதீர்கள், ‘விசூடோ’ வழியாகத்தான். அதில் ஒரு எழுத்து பிசகினால் சூடோ மொத்தமும் நின்றுவிடலாம். விசூடோ பிழையைப் பார்த்துச் சொன்ன பிறகுதான் சேமிக்கும்.

வரியைச் சேர்த்து முடித்ததும் எல்எஸ் -எல் இன்னொரு முறை. உரிமையாளர் ரூட், உரிமைகள் முன்பிருந்தவையேதானா? சரி. இப்போது ‘பிங்’ என்று தட்டி உங்கள் தளத்தின் பெயரைக் கொடுங்கள். அடைப்புக்குள் 127.0.0.1 என்று வந்தால், உலாவியைத் திறந்து உங்கள் தளத்தைப் பார்க்கலாம்.